ஹெட் வேலை முடிஞ்ச பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா? அக்கா சொல்றேன் கேளு

ஹெட் இறக்கி வேலை பார்த்த பழைய கார், ஒர்க்‌ஷாப்லயிருந்து வந்ததும் ஸ்டார்ட் ஆகலைன்னா நிறைய பேர் உடனே புது பேட்டரி வாங்கிடுறாங்க. அப்புறம் புது பிளக், அப்புறம் புது காயில். தங்கச்சி, அந்தப் பணத்தைக் கையிலயே வச்சுக்கோ. வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி இதே காயில்லதான் கரண்ட் வந்துச்சு, இதே பம்ப்லதான் பெட்ரோல் ஏறிச்சு. நடுவுல ஒருத்தர் பல சாமான்களைக் கழட்டி மாட்டியிருக்கார். கோளாறு அநேகமா அந்தக் கை பட்ட இடத்துலதான் இருக்கும். என்னென்ன கழட்டினாங்கன்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட பொறுமையா கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கோ. அதுல உள்ளதை எல்லாம் பார்த்து முடிக்காம எந்தப் புதுச் சாமானும் வாங்காதே.

கார்புரேட்டர் வச்ச மாருதி 800-ஐ மனசுல வச்சுதான் இதைச் சொல்றேன். 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்த வண்டி, 2014 ஜனவரியிலதான் தயாரிப்பை நிறுத்தினாங்க. 796 சிசி, மூணு சிலிண்டர். பானெட்டைத் திறந்தா எல்லாமே கண்ணுல படும், கைக்கும் எட்டும். அம்பாசடர், பத்மினி வச்சிருக்கிறவங்களும் இதே வழியில பார்க்கலாம். அதுல சிலிண்டர் நாலு, அவ்வளவுதான்.

வண்டியை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, சாவியைத் திருப்பி என்ன சத்தம் வருதுன்னு முதல்ல கேளு. டிக் டிக்னு மட்டும் வந்து செல்ஃப் எடுக்கலைன்னா, பேட்டரி டெர்மினலை இறுக்கிட்டு, இன்ஜினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் ஒயரைத் தேடு. இன்ஜின் வேலைக்காகக் கழட்டி, திருப்பி மாட்ட மறந்துபோற சாமான்ல அதுக்குத்தான் முதல் இடம். அது இல்லாம செல்ஃப் அடிச்சா, அவ்வளவு பெரிய கரண்டும் வேற வழி தேடி சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா ஓடப் பார்க்கும். கேபிள் சுட்டாலோ புகைஞ்சாலோ சாவியை அணைச்சுட்டு நேரா எர்த் ஒயர்கிட்ட போ. பேட்டரி மேல சந்தேகம்னா மல்டிமீட்டர் வை. நல்லா சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போனா சார்ஜ் போடு.

சுத்த ஆரம்பிச்ச செல்ஃப் சுவத்துல முட்டின மாதிரி சட்டுனு நின்னுச்சுன்னா, மறுபடி அடிக்கவே அடிக்காதே. ஹெட் கேஸ்கெட் வேலை நடந்த இன்ஜின்ல சிலிண்டருக்குள்ள தண்ணி இறங்கியிருக்கலாம். தண்ணியை பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக் எல்லாத்தையும் கழட்டு. கரண்ட் பாயாம இருக்க காயிலுக்கு வர்ற சின்ன ஒயரையும் எடுத்துட்டு, நீ தள்ளி நின்னு செல்ஃப் அடிக்கச் சொல்லு. பிளக் ஓட்டை வழியா தண்ணி பீச்சினா வண்டியை அப்படியே மெக்கானிக்கிட்ட ஒப்படைச்சுடு. இனி வீட்டுல பார்க்க அதுல ஒண்ணும் இல்லை.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்கலை. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அதனால இங்கே கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

முதல்ல கரண்ட். ஒரு பழைய பிளக்கை பிளக் ஒயர்ல சொருகி, அதோட இரும்பு பாகம் இன்ஜின்ல நல்லா படுற மாதிரி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால பிடிச்சுக்கோ. திறந்த பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல மட்டும் வச்சுடாதே, அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது நீல நிறத்துல 'சட் சட்'னு வந்தா கரண்ட் இருக்கு. வரவே இல்லைன்னா டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து உள்ளே ரோட்டர் இருக்கான்னு பாரு. சிரிக்காதே கண்ணு, கழட்டி ஓரமா வச்ச ரோட்டரை மறந்துட்டு கேப்பை மூடுறது ஒர்க்‌ஷாப்ல நடக்கிற விஷயம்தான். ரோட்டர் இருந்தா, காயில்ல சின்ன ஒயர் ரெண்டும் மாட்டியிருக்கா, சாவி போட்டா அங்கே 12 வோல்ட் வருதான்னு பாரு. பாயிண்ட் வச்ச டிஸ்ட்ரிபியூட்டரா இருந்தா பாயிண்ட் இடைவெளி 0.4-லயிருந்து 0.5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். நாள்கணக்கா நின்ன வண்டியில பாயிண்ட் முகம் கருத்திருக்கும், மெல்லிய உப்புத்தாளால லேசா தேய்ச்சு துடைச்சுடு.

கரண்ட் இருக்கு, ஆனா கார்புரேட்டர் வழியா 'டப்'னு திருப்பி அடிக்குது, இல்லைன்னா சைலன்சர்ல வெடிக்குதுன்னு வை. கரண்ட் தப்பான நேரத்துல வருதுன்னு அர்த்தம். ஹெட் கழட்டின வண்டியில நான் அதிகம் சந்தேகப்படுறது இதைத்தான். மாருதி 800-ல எரியுற வரிசை 1-3-2. டைமிங் பெல்ட் பக்கம் இருக்கிறது 1. கேப்பைத் திறந்து ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்த்து, அதே பக்கமா 1, 3, 2-ன்னு ஒயர் போகுதான்னு சரிபார். ரெண்டு ஒயர் இடம் மாறினா ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் சரியான நேரத்துல எரியும். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அடங்கிடும். அம்பாசடர், பத்மினியில வரிசை 1-3-4-2.

வரிசை சரியா இருந்தும் வெடிச்சா, டிஸ்ட்ரிபியூட்டரையே எதிர்ப்பக்கம் பார்க்க மாட்டியிருக்கலாம். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தும்போது கேமும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே சுத்துதான் சுத்தும். அந்த ரெண்டு சுத்துல பிஸ்டன் ரெண்டு தடவை மேலே வரும். ஒரு தடவை அமுக்கிக்கிட்டு வரும், அப்போதான் கரண்ட் வேணும். இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளிக்கிட்டு வரும். கிராங்க் மார்க்கை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினா இந்த ரெண்டாவது நேரத்துல மாட்டிட வாய்ப்பு இருக்கு. கண்டுபிடிக்க உன் கட்டைவிரல் போதும். சாவியை அணைச்சு பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு, 1-ஆம் சிலிண்டர் ஓட்டையை விரலால அடைச்சுக்கோ. கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பேனரால மெதுவா, இன்ஜின் ஓடுற பக்கமே யாரையாவது திருப்பச் சொல்லு. காத்து விரலைத் தள்ளிக்கிட்டு வர்றப்போ மார்க் நேருக்கு வரணும், அதே சமயம் ரோட்டர் 1-ஆம் ஒயர் பக்கம் பார்க்கணும். எதிர்ப்பக்கம் பார்த்தா கோளாறு கிடைச்சுடுச்சு.

டைமிங் பெல்ட் மார்க்கையும் பார்க்கச் சொல்லு. ஒரு பல் தள்ளியிருந்தா வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஏத்தத்துல இழுக்காது. அதுக்கு மேல தள்ளிப்போச்சுன்னா ஸ்டார்ட் ஆகவே ஆகாது. டைமிங் மேல சந்தேகம் இருக்கிற வரைக்கும் வண்டியை செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ண யாரையும் விடாதே. 1995 ஏப்ரல்லயிருந்து சென்னை உட்பட நாலு பெருநகரத்துல வித்த புது பெட்ரோல் கார்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆச்சு. எரியாத பெட்ரோல் அதுக்குள்ள போனா அது சூடேறி வீணாகிடும்.

பெட்ரோல் பக்கம் வேலை கம்மி. பம்புக்கு வர்ற ஹோஸும் போற ஹோஸும் இடம் மாறலையான்னு பாரு. பிரேக் பூஸ்டருக்குப் போற தடிச்ச ஹோஸ் கழண்டு கிடந்தா இன்ஜின் அது வழியா ஏர் இழுக்கும். ஏர் கிளீனரைத் தூக்கி கார்புரேட்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு, குப்பை விழாம இருக்க அடைச்ச துணி அங்கேயே இருக்கலாம். வாரக்கணக்கா நின்ன வண்டின்னா பழைய பெட்ரோலை இறக்கிட்டு புதுசா ஊத்து.

செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல அடிக்காதே, நடுவுல ஒரு நிமிஷம் விடு. ஆக்சிலரேட்டரை மிதிச்சு மிதிச்சு விடாதே, ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் பெட்ரோலைப் பீச்சும். பெட்ரோல் ஓவராகி வாடை அடிச்சா சோக்கை உள்ளே தள்ளிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கிப் பிடிச்சு அடி. அப்பவும் பிடிக்கலைன்னா பிளக்கைக் கழட்டித் துடைச்சுக் காய வை.

கரண்ட், பெட்ரோல், டைமிங் மூணும் சரி, ஆனாலும் பிடிக்கலைன்னா கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லு. எல்லா பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுசா அமுக்கி, ஒவ்வொரு சிலிண்டரா மீட்டர் வைக்கணும். மூணும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டணும். 100 பிஎஸ்ஐ-க்குக் கீழேன்னா டேப்பெட் ரொம்ப டைட்டா இருந்து வால்வு மூடாம நிக்குதான்னுதான் முதல்ல பார்க்கணும். மறுபடி ஹெட்டைக் கழட்டணும்னு சொன்னா, 'டேப்பெட் பார்த்தீங்களாண்ணே?'ன்னு தயங்காம கேளு. உன் வண்டி, உன் காசு.

இதுல எது சிக்கினாலும் மெக்கானிக்கிட்ட சண்டைக்குப் போகாதே. 'எர்த் ஒயர் மாட்டலைண்ணே', '1-ம் 3-ம் மாறியிருக்குண்ணே'ன்னு சொன்னாலே போதும், அடுத்த தடவை உன் வண்டிக்கு அவர் தனி கவனம் வைப்பார். அடுத்த தடவை வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து நாலு பக்கமும் செல்போன்ல படம் எடுத்துக்கோ. பிளக் ஒயர்ல டேப் ஒட்டி 1, 2, 3-ன்னு எழுதிடு.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட் அணையுதான்னு முதல்ல பாரு. அணையலைன்னா உடனே நிறுத்து. ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சிருந்தா எரியாத பெட்ரோல் ஆயில்ல கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை மோந்து பார், பெட்ரோல் வாடை வந்தா ஆயிலை மாத்திட்டு ஓட்டு. டெம்பரேச்சர் முள் மேல கண்ணு இருக்கட்டும். இன்ஜின் நல்லா ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணி குறைஞ்சிருந்தா கூலன்ட் ஊத்து. அடுத்த சில நாள் காலையிலயும் அதையே ஒரு தடவை பாரு.