கேட்பாரற்ற பணமும் உரியவர் உரிமையும்

வங்கியில் செலுத்திய பணத்தை வைப்புதாரர் பல்லாண்டுகள் வரை திரும்பக் கேட்காவிடின் அப்பணம் யாருக்குரியது? அதனை வைத்திருக்கும் வங்கிக்கா, அரசுக்கா, அல்லது என்றேனும் ஒருநாள் வந்து கேட்கக்கூடிய அவருடைய வாரிசுக்கா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவைச் சார்ந்து நிற்கும் தொகை சிறிதன்று. 2023 மார்ச் இறுதியில் ரூ.62,225 கோடியாக இருந்த உரிமை கோரப்படாத வங்கி வைப்புகள், 2024 மார்ச் இறுதியில் ரூ.78,213 கோடியாக உயர்ந்தன. ஓராண்டில் ஏற்பட்ட இவ்வுயர்வு ஏறத்தாழ 26 சதவீதமாகும்.

இத்தொகை எவ்வாறு சேர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ரயில்வே ஊழியர் ஒருவர் நாகபுரியில் பணியாற்றிய காலத்தில் அங்குள்ள வங்கிக் கிளையில் சேமிப்புக் கணக்குத் தொடங்கினார் என்று கொள்வோம். பின்னர் அவர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். 2005 மே மாதத்தில் கடைசியாக ஒருமுறை அக்கணக்கில் பணம் எடுத்தார். ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பிச் சில ஆண்டுகளில் காலமானார். கணக்குப் புத்தகம் எங்கோ பெட்டியின் அடியில் கிடக்கிறது. அப்படியொரு கணக்கு இருப்பதை அவருடைய மனைவி அறியார். வங்கிக்கோ அவருடைய பழைய முகவரி மட்டுமே தெரியும். இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. எனினும் பணம் உரியவரைச் சென்றடையவில்லை.

உடையவர் இல்லாமையும் உடையவர் கேளாமையும்

இத்துறையைக் கற்போர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. வாரிசு எவருமின்றி ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து அரசைச் சேரும். அரசியலமைப்பின் 296ஆவது பிரிவும், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவும் இதற்கு இடமளிக்கின்றன. இது உடையவரே இல்லாத சொத்து. மேலே கூறிய ஊழியரின் பணம் அத்தகையதன்று. அதற்கு உடையவர் உண்டு. அவர் வந்து கேட்கவில்லை, அவ்வளவே.

கேளாமையால் உரிமை அழிவதில்லை என்பதற்குக் காலவரையறைச் சட்டமும் துணை நிற்கிறது. கேட்டவுடன் தரவேண்டிய வைப்புத் தொகையைப் பொறுத்தவரை, 1963ஆம் ஆண்டின் சட்டப்படி வழக்குத் தொடுப்பதற்கான மூன்றாண்டுக் காலம் பணம் செலுத்திய நாளிலிருந்து தொடங்குவதில்லை. பணத்தைக் கேட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே, நெடுங்காலம் கேட்காதிருந்தார் என்ற காரணத்தைக் காட்டி வங்கி எவருக்கும் பணத்தை மறுக்க இயலாது.

பத்தாண்டுக் கணக்கு

1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பத்தாண்டுகளாக இயக்கப்படாத கணக்குகளின் விவர அறிக்கையை ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 30 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்புமாறு வங்கிகளைப் பணிக்கிறது. நெடுங்காலம் வரை கடமை அறிக்கையோடு நின்றது. பணம் வங்கியிடமே இருந்தது. வைப்புதாரரின் மௌனம் வங்கிக்கு ஆதாயமாக அமைந்த நிலை இது. உரியவரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் வங்கிக்கு ஊக்கமளிக்க அதில் ஒன்றுமில்லை.

2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 26-அ என்ற பிரிவைச் சேர்த்து இக்குறையைக் களைய முற்பட்டது. அதன்கீழ் வைப்புதாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியம் 2014இல் ரிசர்வ் வங்கியால் அமைக்கப்பட்டது. பத்தாண்டுகள் இயக்கப்படாத கணக்கிலுள்ள தொகையை, அக்காலம் முடிந்த மூன்று மாதங்களுக்குள் வங்கிகள் இந்நிதியத்திற்குச் செலுத்த வேண்டும். சேமிப்புக் கணக்கிற்குக் கடைசி நடவடிக்கையிலிருந்தும், குறித்தகால வைப்பிற்கு முதிர்வு நாளிலிருந்தும் பத்தாண்டு கணக்கிடப்படுகிறது.

இங்கு 'நடவடிக்கை' என்பதன் பொருளை அலுவலர்கள் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் தாமே நிகழ்த்துவதும், அவருடைய கட்டளையின்பேரில் நிகழ்வதும் மட்டுமே நடவடிக்கையாகக் கொள்ளப்படும். வங்கி சேர்க்கும் சேமிப்பு வட்டியும், வங்கி பிடிக்கும் கட்டணமும் இதில் அடங்கா. ஆனால், தம் குறித்தகால வைப்பின் வட்டியைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்குமாறு வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த வரவு கணக்கை உயிர்ப்புடன் வைத்திருக்கும்.

பத்தாண்டு நிறைவதற்கு முன்னரே வங்கியின் கடமை தொடங்கிவிடுகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி அறிவுரைகளின்படி, ஓராண்டுக்கு மேல் இயக்கமற்ற கணக்குகளை வங்கிகள் ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும்; இரண்டாண்டுக்கு மேலாயின் அவை செயலற்ற கணக்குகள் என வகைப்படுத்தப்படும். கணக்குதாரருக்குக் கடிதம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி வாயிலாகத் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிடின் அவரை அறிமுகம் செய்தவரிடமும் நியமனதாரரிடமும் விசாரிக்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று செயலற்ற கணக்கில் அபராதம் பிடித்தலாகாது. சேமிப்பு வட்டியை நிறுத்தலாகாது. கணக்கை மீண்டும் இயக்கக் கட்டணம் கேட்டலாகாது. அரசு உதவித் திட்டங்களுக்காகவும் மாணவர் உதவித்தொகைக்காகவும் தொடங்கப்பட்ட கணக்குகள், இரண்டாண்டு இயக்கமில்லை என்பதற்காகச் செயலற்றவை ஆகா.

கேட்பாரற்ற கணக்கு மோசடிக்காரரின் கண்ணில் எளிதிற்படும் என்பதால், மீண்டும் இயங்கத் தொடங்கிய கணக்கை, அதனைக் கையாளும் ஊழியரும் அறியாவண்ணம், குறைந்தது ஆறு மாதங்கள் மேல்நிலை அலுவலர்கள் கண்காணிக்க வேண்டும் என்பதும் இவ்வறிவுரைகளில் அடங்கும்.

நிதியத்திற்கு மாறிய பின்

பணம் நிதியத்திற்கு மாறுவதைப் பறிமுதல் என்று பொதுமக்கள் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை. வைப்புதாரரோ வாரிசோ எத்தனை ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம். அவர்கள் ரிசர்வ் வங்கியை நாட வேண்டியதில்லை; தம் வங்கியையே அணுக வேண்டும். வங்கி முதலில் அவர்களுக்குப் பணத்தை வழங்கிவிட்டுப் பின்னர் நிதியத்திலிருந்து அதனை ஈடுசெய்துகொள்ளும்.

எனினும், தாமதத்திற்கு ஒரு விலை உண்டு. வட்டி தரும் வைப்பாக இருந்த தொகைக்கு நிதியம் தனிவட்டி மட்டுமே வழங்குகிறது. இவ்வட்டி 2018 ஜூன் 30 வரை 4 சதவீதமாகவும், 2018 ஜூலை 1 முதல் 3.5 சதவீதமாகவும், 2021 மே 11 முதல் 3 சதவீதமாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நாகபுரிக் கணக்கில் இருந்த ரூ.20,000, 2015 ஜூன் இறுதியில் நிதியத்தைச் சேர்ந்தது என்றும், 2025 ஜூன் இறுதியில் மனைவி அதனைக் கேட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மூன்றாண்டுகளுக்கு ரூ.2,400, அடுத்த கட்டத்திற்கு ஏறத்தாழ ரூ.2,002, இறுதிக் கட்டத்திற்கு ஏறத்தாழ ரூ.2,484 என மொத்த வட்டி சுமார் ரூ.6,886 ஆகும். பத்தாண்டுகளில் ரூ.20,000, சுமார் ரூ.26,886 ஆக மட்டுமே வளர்ந்திருக்கிறது. வட்டிக்கு வட்டி இல்லை. விலைவாசி உயர்வுக்கு ஈடும் இல்லை. உரிமை காக்கப்பட்டாலும் மதிப்புத் தேய்கிறது என்பதே இதன் பொருள். விரைந்து தேடித் தருவதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

பிற சேமிப்புகள்

வங்கிக்கு ஒரு விதியும் பிற நிறுவனங்களுக்கு வேறு விதிகளும் உள்ளன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஏழாண்டுகள் பெறப்படாத பங்கு ஈவு, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்தைச் சேரும். தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவு பெறப்படாத பங்குகளும் அதனுடன் மாற்றப்படும். உரியவர் அந்நிதியத்தின் ஆணையத்திற்கு விண்ணப்பித்து அவற்றை மீட்கலாம்.

காப்பீட்டு நிறுவனங்களிடம் பத்தாண்டுகளுக்கு மேல் கோரப்படாமல் கிடக்கும் பாலிசிதாரர் தொகை, 2015ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் உருவான மூத்த குடிமக்கள் நல நிதியத்தைச் சேர்கிறது. இங்கு ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மாற்றப்பட்ட பின் 25 ஆண்டுகளுக்குள் கேட்காவிடின் அத்தொகை மத்திய அரசுக்கு உரியதாகிவிடும். வங்கி வைப்பிற்கு இத்தகைய இறுதிக் கெடு இல்லை. ஆகவே, ஒரே குடும்பத்தின் வைப்பு, பங்கு, பாலிசி ஆகிய மூன்றிற்கும் காலக்கெடுவும் கேட்குமிடமும் வெவ்வேறாக அமைகின்றன. படித்தவர்களே தடுமாறும் இவ்வேற்றுமையை விளக்கிச் சொல்வது கிளை அலுவலரின் கடமைகளுள் ஒன்றாகும்.

தேடும் வழிகள்

2023 ஜூன் 1 முதல் செப்டம்பர் 8 வரை, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு வங்கியின் முதல் நூறு பெருந்தொகைகளை நூறு நாட்களில் உரியவரிடம் சேர்க்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, பல வங்கிகளின் பட்டியலை ஒரே இடத்தில் தேட உதவும் 'உத்கம்' இணையதளம் தொடங்கப்பட்டது. 2024 மார்ச் தொடக்கத்தில் 30 வங்கிகள் அதில் இணைந்திருந்தன. மதிப்பில் ஏறத்தாழ 90 சதவீத வைப்புகள் அதில் அடங்கின. 2025 ஜூனில், விவரங்களைப் புதுப்பித்துக் கணக்கை மீட்கும் வசதியை எல்லாக் கிளைகளிலும் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. நாகபுரிக் கணக்கிற்காக ஒரு முதிய பெண்மணி நாகபுரி வரை பயணம் செய்யும் தேவையை இது குறைக்கிறது. 2025 அக்டோபரில் மத்திய அரசு, வங்கி, காப்பீடு, பங்கு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய நாடு தழுவிய இயக்கமொன்றை காந்திநகரில் தொடங்கியது.

இணையதளம் பணத்தை வழங்குவதில்லை. எந்த வங்கியில் தேடலாம் என்பதை மட்டுமே காட்டும். பழைய பேரேடுகளில் பெயர் ஒருவிதமாகவும் இன்றைய அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதுண்டு. தலைப்பெழுத்து மாறினாலே தேடல் தவறக்கூடும். ஆதலால், 'பட்டியலில் இல்லை' என்ற ஒரு சொல்லோடு விண்ணப்பதாரரைத் திருப்பி அனுப்புவது முறையன்று. பழைய முகவரி, பணியிடம், கணக்குத் தொடங்கிய காலம் ஆகியவற்றைக் கேட்டறிந்து பேரேட்டைப் பார்ப்பதே முறையாகும்.

வருமுன் காத்தல்

கேட்பாரற்ற நிலை தோன்றாமல் தடுக்கும் எளிய வழி நியமனமாகும். வங்கி வைப்புகளுக்கான நியமன விதிகள் 1985 முதல் உள்ளன. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவரே அன்றி, அதன் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். வாரிசுகளின் பங்கு நிலைத்து நிற்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 1983இல் காப்பீட்டு வழக்கிலும், 2010இல் வங்கி வைப்பு வழக்கிலும் தெளிவாக்கியது. 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் ஒரு வைப்பிற்கு நால்வர் வரை நியமிக்கலாம்.

இறந்தவரின் கணக்கைத் தீர்ப்பதற்கான ரிசர்வ் வங்கி நெறிகளும் 2025 செப்டம்பரில் வெளியாயின. தேவையான ஆவணங்கள் கிடைத்த 15 நாட்களுக்குள் வங்கி பணத்தை வழங்க வேண்டும். தன் தவறால் தாமதித்தால் வங்கி விகிதத்திற்கு மேல் 4 சதவீதம் சேர்த்து இழப்பீடு தர வேண்டும். நியமனம் இல்லாத கணக்கிலும் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரை, எளிய நடைமுறை பின்பற்றப்பட வேண்டும். 2026 மார்ச் 31ஆம் தேதிக்குள் இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருமாறு வங்கிகளுக்கு விதிக்கப்பட்டது.

அலுவலகங்களில் சட்ட இணக்கம் என்பது, உரிய நாளில் அறிக்கை அனுப்பி, உரிய நாளில் தொகையை மாற்றிவிடுவதாகவே கருதப்பட்டு வருகிறது. அவ்வளவில் சட்டத்தின் எழுத்து நிறைவேறும், நோக்கம் நிறைவேறாது. எவ்வளவு தொகை நிதியத்திற்கு மாற்றப்பட்டது என்று கணக்கெழுதும் அதே பதிவேட்டில், எவ்வளவு தொகை உரியவர் கைக்குத் திரும்பியது என்பதையும் ஒரு பத்தியில் எழுதி, ஆண்டுதோறும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு கிளையிலும் ஏற்பட வேண்டும். பெட்டியின் அடியில் கிடக்கும் கணக்குப் புத்தகத்தின் மறுமுனையில் ஒரு குடும்பம் இருக்கிறது என்ற நினைவு அப்போதுதான் அலுவலகத்தில் நிலைபெறும்.