விழும் செங்கல்லின் வேகம் என்ன?

கட்டட வேலை நடக்கிறது. சித்தாள் செங்கல் சுமந்து மேலே ஏறுகிறார். மூச்சு வாங்குகிறது. அவர் செலவழித்த ஆற்றல் எங்கே போனது?

அதில் ஒரு பங்கு செங்கல்லில் சேர்ந்திருக்கிறது. உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளுக்குக் கிடைக்கும் ஆற்றலை நிலை ஆற்றல் என்கிறோம்.

செங்கல் கை தவறி விழுகிறது. உயரம் குறையக் குறைய நிலை ஆற்றல் குறைகிறது. வேகம் கூடுகிறது. வேகத்தால் வரும் ஆற்றல் இயக்க ஆற்றல். ஒன்று எவ்வளவு குறைகிறதோ, மற்றது அவ்வளவு கூடும். மொத்தம் மாறாது. இதுவே ஆற்றல் அழியா விதி.

இப்போது கணக்குப் போடுவோம்.

நிலை ஆற்றல் = எடை × 10 × உயரம்

எடை கிலோவில், உயரம் மீட்டரில். 10 என்பது பூமியின் இழுப்பைக் குறிக்கும் எண். சரியான அளவு 9.8. எளிமைக்காக 10 என்று வைத்துக்கொள்வோம். ஆற்றலை அளக்கும் அலகு ஜூல். இங்கிலாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல் நினைவாக வைத்த பெயர் இது.

செங்கல்லின் எடை 3 கிலோ என்போம்.

5 மீட்டர் உயரத்தில்: 3 × 10 × 5 = 150 ஜூல்.
20 மீட்டர் உயரத்தில்: 3 × 10 × 20 = 600 ஜூல்.

இயக்க ஆற்றல் = எடை × வேகம் × வேகம் ÷ 2

மேலே இருந்த நிலை ஆற்றல் முழுவதும் தரையைத் தொடும்போது இயக்க ஆற்றலாகிவிடும். ஆகவே இரண்டும் சமம். இரண்டிலும் எடை இருக்கிறது. அதை நீக்கிவிடலாம். மிஞ்சுவது இதுதான்:

வேகம் × வேகம் = 20 × உயரம்

5 மீட்டர்: 20 × 5 = 100. இது 10 × 10. வேகம் விநாடிக்கு 10 மீட்டர். அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர்.

20 மீட்டர்: 20 × 20 = 400. வேகம் விநாடிக்கு 20 மீட்டர். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ஓடும் பஸ்ஸின் வேகம்!

காற்றின் தடையை நாம் சேர்க்கவில்லை. செங்கல்லுக்கு அது மிகக் குறைவு.

உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. ஆற்றலோ நான்கு மடங்கு. பாதிக் கல்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதுவும் அதே வேகத்தில்தான் வரும். 20 மீட்டரிலிருந்து விழும் பாதிக் கல்லின் ஆற்றல் 300 ஜூல். 5 மீட்டரிலிருந்து விழும் முழுக் கல்லைவிட இது இரண்டு மடங்கு.

20 மீட்டர் விழ இரண்டே விநாடி போதும். மேலே இருப்பவர் கத்தி, கீழே இருப்பவர் விலக நேரம் இருக்காது.

ஆகவே சாரத்தின் ஓரத்தில் தடுப்புப் பலகை வேண்டும். வலை கட்ட வேண்டும். அடியில் யாரும் நிற்கக் கூடாது. தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். ஆனால் 600 ஜூல் அடியை அது தாங்கும் என்று நம்பி நிற்காதீர்கள்.

நீங்களே போடுங்கள்:
45 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகம் என்ன?
(விடை: விநாடிக்கு 30 மீட்டர்)