குழித்தட்டு நாற்றை வெயிலுக்குப் பழக்குதல்

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை நிழல்வலைக் குடிலில், குழித்தட்டுகளில் வளர்த்து நடும் வழக்கம் நம் கிராமங்களில் நன்கு பரவியுள்ளது. விதை வீணாவதில்லை, நாற்றும் வேர் அறுபடாமல் வயலுக்கு வருகிறது. ஆயினும் மாசி, பங்குனி மாதங்களில் நடவு வயல்களைப் பார்வையிடுகையில், நட்ட இரண்டு மூன்று நாட்களில் இலை வெளுத்துத் தலைசாய்ந்த நாற்றுகளை நாம் பல இடங்களில் காண்கின்றோம். குடியானவர் நாற்றின்மீது குறை கூறுவார். நாற்று விற்றவர் தண்ணீர் போதவில்லை என்பார். வெயிலுக்குப் பழக்காமல் நட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பழைய மேட்டுப்பாத்தி நாற்றுக்கு இத்தொல்லை அதிகம் இருந்ததில்லை. விதை முளைத்ததும் மேலே பரப்பிய வைக்கோலை அகற்றிவிடுவர்; அன்றுமுதல் அது வெயிலிலும் காற்றிலும் வளர்ந்தது. குடிலில் வளரும் நாற்றோ பாதி வெயிலையே அறிந்தது. அதன் இலை மெல்லியது. இலைமேல் உள்ள மெழுகுப் படலமும் மெல்லியதே. திடீரென வெட்டவெளிக்கு வந்தால், வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுந்துவிடுகிறது. ஈர நிலத்திலும் நாற்று வாடுவது இதனாலேதான்.

தக்காளி நாற்று ஏறத்தாழ 25 நாட்களிலும், மிளகாயும் கத்தரியும் 30 முதல் 40 நாட்களிலும் நடவுக்கு வரும். அவற்றுள் கடைசி 7 நாட்களைப் பழக்குவதற்கென ஒதுக்குதல் வேண்டும். முதலிரண்டு நாட்கள் காலை வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். பின்னர் நாள்தோறும் நேரத்தைக் கூட்டி, ஐந்தாம் நாளுக்குப்பின் உச்சிவெயிலையும் காட்டலாம். கடைசி இரு நாட்கள் இரவும் பகலும் வெளியிலேயே இருக்கட்டும். இவ்வாரத்தில் தழைச்சத்து உரம் கொடுத்தல் ஆகாது.

தண்ணீரைக் குறைப்பதில்தான் நிதானம் தேவை. குழியின் மேற்பரப்பு உலர்ந்தபின் பூவாளியால் ஊற்றுக. முற்றிலும் காயவிட்டாலோ, நாற்று மீளாது. தட்டுகளைச் செங்கல்மீது வைத்தால் வேர் தரையில் இறங்காது. நடவன்று காலை நன்றாக நனைத்து, மாலையில் நட்டு, உடனே தண்ணீர் பாய்ச்சி, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுக.

விலைக்கு வாங்குவோர் உயரமான, கரும்பச்சை நாற்றையே விரும்பிக் கேட்கின்றனர். விற்போரும் அதற்கேற்பக் கடைசி நாள்வரை நிழலிலேயே வைத்துக் கொடுக்கின்றனர். இது மாற வேண்டும் என்பது நம் கருத்து. குட்டையாய்த் தண்டு தடித்து, தக்காளியானால் தண்டில் சற்றே ஊதாநிறம் ஏறியிருப்பதே தேறிய நாற்று. அத்தகையது கிடைக்காவிடில், வாங்கிய அன்றே நடாமல் வீட்டு வேப்பமர நிழலில் வைத்து, மேற்கூறியவாறு பழக்கலாம், செலவு ஒன்றுமில்லை.

இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 14,500 நாற்று பிடிக்கும். பத்தில் ஒன்று பட்டுப்போனாலும் 1,450 குழிகளில் பாடுவாசி நிரப்ப வேண்டும். பிந்தி நட்டவை பிந்தியே காய்ப்பதால் பறிப்புக் கூலியும் கூடும்.

அதற்காக இரண்டு மூன்று வாரம் காயப்போடுவதும் தவறு. வேர் குழிக்குள் சுருண்டு, செடி வளர்ச்சி குன்றி, நட்டதும் பூத்துவிடும். ஆகவே நடவு ஆட்களுக்குச் சொல்லி நாளை உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி ஏழு நாட்களைக் கணக்கிடுக. மேகமூட்டமான நாட்களை இக்கணக்கில் சேர்க்கலாகாது.