டோசிங் பம்ப்: சத்தம் வருது, மருந்து வருதா?

பாலவாக்கத்திலிருந்து ஈ.சி.ஆர். சாலையில் தெற்கே போனால் நெம்மேலி வரும். அங்கே 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன். 2024ல் அங்கேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் திறந்தார்கள். இப்படிப்பட்ட நிலையம் என்றதும் ஹை பிரஷர் பம்பையும் மெம்பரேனையும்தான் எல்லோரும் பேசுவோம். மூலையில் டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருக்கும் டோசிங் பம்பை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பாருங்க, கடல்நீரில் பாசி பிடிக்காமல் இருக்க குளோரின் விடுவார்கள். பாலிஅமைடு மெம்பரேன் குளோரினைத் தாங்காது. அதனால் மெம்பரேனுக்கு முன்னாடியே சோடியம் மெட்டாபைசல்ஃபைட் விட்டு அதை முறிக்கணும். முறிக்கிற டோசிங் பம்ப் ஏமாற்றினால் மெம்பரேன் அரித்துவிடும். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அதே இனத்துப் பம்ப்தான், சின்ன சைஸில், நம்ம ஏரியா அப்பார்ட்மெண்ட் மோட்டார் ஷெட்டுகளில் ஹைப்போ விட்டுக்கொண்டிருக்கிறது. குடிநீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும் என்கிறது ஐ.எஸ். 10500. இங்கே பம்ப் ஏமாற்றினால் கெடுவது மெம்பரேன் இல்லை, குடிக்கிறவங்க வயிறு.

வேலை செய்யும் விதம் எளிது. எங்க வீட்டில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அம்மா கேட்டபோது ஊசி சிரிஞ்சைத்தான் காட்டினேன். இழுத்தால் உள்ளே வரும், அழுத்தினால் வெளியே போகும். இதில் பிஸ்டனுக்குப் பதில் டயாஃப்ரம். கீழே ஒரு பால் வால்வ், மேலே ஒரு பால் வால்வ், இரண்டும் ஒரு வழிப் பாதை. ஸ்ட்ரோக் நீளத்தையோ வேகத்தையோ கூட்டிக் குறைத்தால் அளவு மாறும். அவ்வளவுதான்.

டொக் டொக் சத்தம் டயாஃப்ரம் அசைவதற்குத்தான் சாட்சி. மருந்து போவதற்கு இல்லை. எங்க அப்பா மோட்டார் ஆபரேட்டர், எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் காலையில் ஹைப்போ டிரம்மில் மட்டம் இருக்கிற இடத்தில் சாக்பீஸ் கோடு போடுவார். மறுநாள் கோடு அங்கேயே இருந்தால் பம்ப் பொய் சொல்லுதுன்னு அர்த்தம். புத்தகத்தில் காலிப்ரேஷன் என்று படிப்பது இதைத்தான்.

கணக்காகச் செய்து பார்ப்போம். மணிக்கு 20,000 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் மணிக்கு 40 கிராம் வேண்டும். 10 சதவீத ஹைப்போ 10 லிட்டரோடு 40 லிட்டர் தண்ணீர் கலந்தால் லிட்டருக்கு 20 கிராம். ஆக பம்ப் மணிக்கு 2 லிட்டர் தள்ளணும். சக்ஷன் டியூபை மெஷரிங் சிலிண்டரில் போட்டு, லைன் பிரஷரோடு ஓட்டினால், 3 நிமிடத்தில் 100 மி.லி. இறங்கணும். 60 தான் இறங்குதா? அப்போ ஸ்ட்ரோக் குமிழைத் திருப்பி அளவை ஏற்றாதீங்க. முதலில் காரணத்தைத் தேடுங்க.

ஹைப்போவில் அடிக்கடி வருவது காற்றுப் பூட்டு. வெயிலில் ஹைப்போ வாயு விடும். அந்தக் குமிழி பம்ப் ஹெட்டில் மாட்டிக்கொண்டு ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரியும், வால்வ் திறக்காது. பிளீட் வால்வைத் திறந்து, ஸ்ட்ரோக்கை 100 சதவீதம் வைத்து, குமிழி நிற்கும் வரை ஓட்டணும். டிரம்மை நிழலில் வையுங்க, சக்ஷன் டியூப் குட்டையாக இருக்கட்டும். வெயிலில் ஹைப்போவின் வீரியமும் குறையும். அப்போது பம்ப் சரியாகத் தள்ளினாலும் குளோரின் போதாது.

அடுத்தது உப்புப் படிவு. நம்ம கடற்கரைப் பக்கம் போர் தண்ணீர் கடினம். அதிலேயே ஹைப்போவைக் கலந்தால் சுண்ணாம்பு படிந்து ஃபுட் வால்வ் ஃபில்டர் அடைக்கும், பால் சீட்டில் உட்காராது. தள்ளின மருந்து பின்னாலேயே திரும்பிவிடும். கலக்க ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. படிவை ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் பல இடத்தில் உண்டு. ஹைப்போ மிச்சம் இருக்கும்போது ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், ஷெட் கதவு மூடியிருந்தால் உயிருக்கே ஆபத்து. பவரை நிறுத்தி, பிரஷரை வெளியேற்றி, கண்ணாடி, கையுறை போட்டு, நிறைய தண்ணீரில் அலசிய பிறகுதான் எதுவும். திரும்ப மாட்டும்போது வால்வில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்க. தலைகீழாக மாட்டினால் சொட்டுக்கூட போகாது.

இதற்கு நேர் எதிர் கோளாறும் உண்டு. பம்ப் நின்ற பிறகும் டிரம் காலியாகும். டிரம் உயரத்திலும் மருந்து சேரும் இடம் தாழ்விலும் இருந்தாலோ, மெயின் பம்ப்பின் சக்ஷன் பக்கம் சேர்த்தாலோ சைஃபன் ஆகி மருந்து தானாக இழுபடும். ஆன்டி சைஃபன் வால்வ் இருக்கிறதா, அதன் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்க.

கடைசியாக, ஹெட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன வடிதுளை. அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடும் புத்திசாலிகளும் உண்டு! அங்கே மருந்து சொட்டினால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. உடனே நிறுத்தி டயாஃப்ரத்தை மாற்றணும். அடைத்துவிட்டு ஓட்டினால் ஹைப்போ உள்ளே போய் காயிலை அரிக்கும், 1 டயாஃப்ரத்தோடு போகிற செலவு முழுப் பம்ப்பாகிவிடும்.