சீதன உறுதியில் ஒரு கையெழுத்து

"உங்கள் உம்மாவின் பெயர் என்ன? உம்மும்மாவின் பெயர்? உம்மும்மாவைப் பெற்றவரின் பெயர்?"

தரம் 10 வரலாற்றுப் பாடத்தில் ஒருநாள் இப்படிக் கேட்டேன். முதல் இரண்டு கேள்விகளுக்கும் வகுப்பே சேர்ந்து பதில் சொன்னது. மூன்றாவதற்கு 32 பேரில் 4 பேர்தான் கையை உயர்த்தினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "டீச்சர், உங்களுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் 'பூட்டி' என்றுதான் சொல்வார்கள். உம்மாவுக்குக்கூட அவரைக் கூப்பிட்ட செல்லப் பெயர் மட்டுமே நினைவிருந்தது. பெயரைச் சொல்லியிருக்கக்கூடிய உம்மும்மா புத்தளத்தில் வஃபாத்தாகிவிட்டார்.

அந்தப் பெயரைத் தேடிப் போன கதைதான் இக்கட்டுரை.

குடும்ப வேர்களைத் தேடுவது இங்கிலாந்தில் பலருக்கு நல்ல பொழுதுபோக்கு. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் 1538இல் ஒரு கட்டளையிட்டார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஏட்டில் பதிய வேண்டும் என்பது அது. இறந்தவர்களின் மரணசாதனங்களை 1858 தொடக்கம் வரை பெரும்பாலும் திருச்சபை நீதிமன்றங்களே விசாரித்து உறுதிப்படுத்தின. அவற்றிலும் பல பேணப்பட்டன. யாரோ ஒரு கமக்காரர் தன் கட்டிலை எந்த மகனுக்கு, செப்புப் பானையை எந்த மகளுக்கு விட்டுப்போனார் என்பதை இன்றைய வாரிசுகள் வாசித்து அறிகிறார்கள்.

யாழ்ப்பாணத்திலும் இத்தகைய ஏடுகள் எழுதப்பட்டன. 1658இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோயிற்பற்றுகளில் பாடசாலை நடத்தி, ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் அங்கே பதிந்தார்கள். காணிகளுக்கும் தோம்பு எழுதினார்கள். ஆனால் அந்தப் பாடசாலைத் தோம்புகளில் நம்மவர்களைத் தேடிப் பெரிய பயனில்லை. ஞானஸ்நானம் பெறாத சோனகர்களுக்கு அங்கே இடம் ஏது?

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை சற்று மாறியது. 1867 முதல் பிறப்பு, இறப்புப் பதிவு வந்தது. முஸ்லிம் திருமணப் பதிவுக்கென 1886இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒருமுறை கவனமாக வாசியுங்கள். தந்தையின் பெயர், தாயின் பெயர், பிறகு தந்தைவழிப் பாட்டனார். தாயின் தாய்க்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. நிக்காஹ் பதிவிலும் மணமகளுக்காக வலீதான் கையொப்பமிடுவார். மரணசாதனமோ நம் குடும்பங்களில் அரிது. வாரிசுகளின் பங்குகள் ஏற்கனவே வகுக்கப்பட்டவை. ஷரீஅத்தின்படி மூன்றில் ஒன்றுக்கு மேல் வஸிய்யத்துச் செய்யவும் இயலாது.

அப்படியானால் நம் உம்மும்மாக்களின் பெயர்கள் எங்கேதான் எழுதப்பட்டன? சீதன உறுதியில். மேடைகளில் சீதனத்தை எதிர்த்துப் பேசியவள் நான். இப்போதும் அதே கருத்துத்தான். ஆனாலும் நம் ஊரில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போனது என்பது உண்மை. ஆகவே உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி வாசித்தால், பெண்களின் வரிசை ஒன்று கிடைக்கும்.

எங்களிடம் உறுதி இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தபோது எனக்கு 8 வயது. உறுதிகள் இருந்த தகரப் பெட்டியை உம்மா மறக்காமல் எடுத்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் நுழைந்தபோது அது எங்களிடம் இருக்கவில்லை. அதைப் பற்றி உம்மா இன்றுவரை அதிகம் பேசுவதில்லை.

உறுதி இலக்கமும் தெரியாது. எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரியாது. இரண்டுமில்லாமல் காணிப் பதிவகத்தில் எதைத் தேடுவது? வழி காட்டியவர் எங்கள் பின்வேலிக்கு அப்பால் இருந்த தமிழ்க் குடும்பத்து ஆச்சி. நான் தேடுவதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பிள்ளை, உங்கட வளவு எங்கட உறுதியிலயும் இருக்கு."

இந்த ஒரு வசனத்தை மாணவிகள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காணி உறுதியில் நான்கு எல்லைகள் எழுதப்படும். எல்லை ஒழுங்கையானால் ஒழுங்கை என்றும், பிறர் காணியானால் உரியவர் பெயரும் வரும். எனவே நம் உறுதி தொலைந்தாலும் நாம் அயலவர்களின் உறுதிகளில் எல்லையாக இருப்போம். ஆச்சி குடும்பமும் இடம்பெயராமல் இருந்ததில்லை. எங்களுக்குச் சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, அவர்களும் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். ஆச்சி உறுதிகளைச் சீலைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனாராம்.

1941ஆம் ஆண்டின் அந்த உறுதியில், மேற்கு எல்லையில், ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயர் இருந்தது. இன்னாரின் மகள் இன்னார். பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பத்தில் இன்னும் எல்லோருக்கும் சொல்லி முடிக்கவில்லை. அது பூட்டிதானா என்பதும் அப்போது நிச்சயமில்லை. நம் குடும்பங்களில் பாட்டியின் பெயரையே பேத்திக்கு வைப்பார்கள். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக ஆளும் அவரே என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

காணியின் பெயரும் எல்லைகளும் கையில் இருந்ததால் பதிவகத்தில் தேட முடிந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் நடந்தாக வேண்டும். உறுதியின் மூலப்பிரதி உரியவரிடம் போகும், ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். அந்த மூன்றாவது பிரதியை நம்பித்தான் நாலு தடவை போனேன். நாலாவது தடவை 1934ஆம் ஆண்டின் நன்கொடை உறுதி ஒன்றின் நகல் கிடைத்தது. தகப்பன் ஒருவர், திருமணமாகும் தன் மகளுக்கு 2 பரப்புக் காணியும் வீடும் கிணறும் சீதனமாகக் கொடுக்கிறார். மகளின் பெயர் ஆச்சியின் உறுதியில் கண்ட அதே பெயர். மாப்பிள்ளையின் பெயரும் அதில் வருகிறது. அது உம்மும்மாவின் வாப்பா பெயர். சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

நன்கொடையைப் பெறுபவரும் அதை ஏற்பதாக ஒப்பமிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் பூட்டியின் பெருவிரல் அடையாளம் இருக்கும் என்று எண்ணியே புரட்டினேன். "பூட்டிக்கு எழுத்து வாசனையே இல்லை" என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே இருந்தது வலமிருந்து இடமாக எழுதிய ஒரு கையெழுத்து. அரபுத் தமிழ்!

அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறை அது. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் குறிகள் இடுவார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் நூல்களே எழுதினார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காத பெண்களும் ஓதப் பழகிய எழுத்தைக்கொண்டு தம் பேச்சை எழுதினார்கள். நாம் அவர்களை 'எழுத்தறியாதவர்' என்ற கணக்கில் சேர்த்துவிட்டோம்.

நகலை உம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குர்ஆன் ஓதுவதுபோல எழுத்தின்மேல் விரலை நகர்த்தி, ஒவ்வோர் ஒலியாகக் கூட்டிப் பெயரைச் சொன்னார். பிறகு, "கடைசி எழுத்தை இப்படி நீட்டித்தான் உம்மும்மாவும் எழுதுவா" என்றார். உம்மும்மாவும் அரபுத் தமிழ் எழுதியவர் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

இந்த விடுமுறையில் தேடத் தொடங்கும் பிள்ளைகள் பதிவகத்துக்கு முதலில் ஓட வேண்டாம். வீட்டில் மூத்தவரிடம் போங்கள். பெயரை மட்டும் கேட்காமல், வீட்டுக்கு அயலில் யார் யார் இருந்தார்கள், கிணறு யாரோடு பங்கு, ஒழுங்கை எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவர் சொன்னபடியே, சொன்ன திகதியோடு எழுதி வையுங்கள். தேட முடியாத பெயர்களைவிட, கேட்காமலே போன பெயர்கள்தான் எங்கள் வகுப்பில் அதிகமாக இருந்தன.

பெற்றோரிடம் எனக்கும் ஓர் உதவி தேவை. 1934 உறுதியில் எங்கள் வடக்கு எல்லையாக 'மரைக்கார்' என்று முடியும் ஒருவரின் பெண்மக்கள் இருவர் குறிக்கப்பட்டுள்ளனர். சோனகத் தெருவில் கிணற்றை எங்களோடு பங்காக வைத்திருந்த குடும்பம் அது. உங்கள் வீட்டுப் பழைய உறுதியில் தெற்கு எல்லையைப் பாருங்கள். அங்கே என் பூட்டியோ அவருடைய வாப்பாவோ இருந்தால் பாடசாலைக்கு ஒரு சொல் அனுப்புங்கள்.