டி.வி.டி. தட்டும் அதன் இலக்கணமும்

வைகை தோன்றும் வருசநாட்டு மலைகளை அடுத்துச் சிற்றூர்கள் பல உள. அவ்வூர்களினின்றும் பிழைப்பு நாடி நகரம் புக்க இளைஞர்தம் கைப்பேசியில் பாட்டியாரது தாலாட்டும், காலஞ்சென்ற தந்தையார் பேசிய சில வார்த்தைகளும் படமாய் இருத்தல் கூடும். ஊரிலுள்ள முதியோரிடமோ, 2006-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு விலையின்றி வழங்கிய தொலைக்காட்சிப் பெட்டியும், பின்னர் வாங்கி இணைத்த டி.வி.டி. பிளேயருமே உண்டு. மகன் அப்படத்தைத் தட்டொன்றிற் பதிந்து கொணர்கிறான். பிளேயர் அதனைச் சற்றே சுழற்றிப் பார்த்து, படிக்க இயலாதென அறிவித்துவிடுகின்றது. கணவரது குரலைக் கேட்கப் பெட்டியின்முன் அமர்ந்திருக்கும் தாயார்க்கு இது சிறிய ஏமாற்றமன்று. எனினும் படம் அழிந்திலது, தட்டிலேயே உளது. பின்னர்த் தடை யாது?

தமிழ் பயில்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. சொல்லும் பொருளும் நிரம்பியிருப்பினும், சீரும் தளையும் பிறழின் வெண்பா ஆகாது. கணினி எவ்வகைப் பாவும் உரையும் படிக்கும். பழைய பிளேயரோ வெண்பா ஒன்றையே கற்ற புலவரை ஒக்கும். அதன் இலக்கணம் 1996-இல் டி.வி.டி. வெளிவந்த காலத்தது. கைப்பேசிகள் பெரிதும் கையாளும் எச்.264 என்னும் சுருக்கமுறை 2003-இல் வகுக்கப்பெற்றது. முன்னது பின்னதை அறியாமை இயல்பே.

அவ்விலக்கணம் வேண்டுவன இவை: படம் எம்பெக்-2 முறையில் அமைதல் வேண்டும், நம் நாட்டுப் பால் முறைப்படி 720-க்கு 576 புள்ளி அளவும், நொடிக்கு 25 சட்டமும் கொள்ளல் வேண்டும், ஒலி நொடிக்கு 48,000 மாதிரி உடையதாதல் வேண்டும். இவை வி.ஓ.பி. என்னும் கோப்புகளாகி, வழிகாட்டும் ஐ.எஃப்.ஓ. கோப்புகளுடன் 'வீடியோ டி.எஸ்.' என்னும் அடைவினுள் அடங்கும். ஆதலின் கோப்பைத் தட்டில் வெறுமனே நகலெடுத்தல் போதாது, அதனை டி.வி.டி.யாக யாத்தல் வேண்டும். விலையின்றிக் கிடைக்கும் 'டி.வி.டி. ஸ்டைலர்' என்னும் மென்பொருள் இம்மாற்றத்தையும் அமைப்பையும் ஒருங்கே செய்யும். முகப்புப் பட்டியல் படமாகவே அமைவதால், அதில் தமிழெழுத்தை அழகுற இடலாம். பிளேயர் தமிழ் அறியாததாயினும் குறையில்லை. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தெடுத்த படத்திற்கு இருமருங்கும் கரிய வெளி தோன்றும்; அதனைப் பொறுத்தே ஆகவேண்டும்.

ஒற்றை அடுக்குத் தட்டு 470 கோடி பைட்டு கொள்ளும். கணினி அதனை ஏறக்குறைய 4.38 எனக் காட்டுதல் கண்டு கடைக்காரர் ஏமாற்றினார் எனச் சினவற்க. எண்ணும் முறையே வேறு. இரண்டு மணி நேரப் படம் தெளிவு பெரிதும் குன்றாது அடங்கும். நான்கு மணி நேரத்தைத் திணிப்பின் முகங்கள் கட்டங்கட்டமாய்ச் சிதறும்.

இனிப் பதிதல். ஆங்கிலத்தார் இதனை 'எரித்தல்' என்பது வெற்று அணியன்று. தட்டினுள் பரப்பிய சாயத்தை லேசர் ஒளி சுட்டு மாற்றுகின்றது. அம்மாற்றத்தையே பிளேயரின் ஒளி பின்னர்ப் படிக்கின்றது. பழைய பிளேயர்க்கு ஒருமுறை பதியும் டி.வி.டி.-ஆர் தட்டே ஏற்றது. பன்முறை அழித்தெழுதும் தட்டு ஒளியைக் குறைவாக மீட்டலின், அதனைப் பழைய பிளேயர் பல ஏலா. பதிவின் ஈற்றில் 'ஃபைனலைஸ்' என்னும் முற்றுவித்தலைச் செய்யாது விடின், ஈற்றடியில்லா வெண்பாப்போல் தட்டு குறையுடையதாம். கணினியில் ஓடியும் பிளேயரில் ஓடாது போகும்.

சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் மங்குவது. ஆகவே சன்னலோரம் தட்டை வையற்க. ஒன்றுக்கு இரண்டாகப் பதிந்து, மலையூர்க்குப் புறப்படுமுன் நகரிலேயே வேறொரு பழைய பிளேயரில் இறுதிவரை ஓட்டிப் பார்த்தல் நன்று. தட்டு கைக்கு வந்தபின்னும் கைப்பேசியிலுள்ள மூலக்கோப்பை அழிக்கலாகாது; தட்டிலுள்ளது சுருங்கிய படியே, மூலம் அன்று.