வீட்டை வாடகைக்கு விடும் முன்



சென்ற ரமலானுக்கு முன் நம் அலுவலகத்துக்கு ஒரு பிரச்சினை வந்தது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு குடும்பம் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, அட்வான்ஸ் 15,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டது. வீட்டுக்கார அம்மா கணவரை இழந்தவர். அந்தப் பணம் மகளின் பிரசவச் செலவுக்குப் போய்விட்டது. சுவரைப் பாழாக்கிவிட்டார்கள், குழாயை உடைத்துவிட்டார்கள் என்றார். வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்கள் அவர்கள். இரு தரப்பிலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. யார் சொல்வது உண்மை என்று எங்களால் முடிவு செய்ய இயலவில்லை. பாதிப் பணத்தோடு அந்தக் குடும்பம் போனது.

வீட்டைத் தயார் செய்வது என்றால் வெள்ளையடிப்பது என்று நினைக்கிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது வயரிங். மோட்டார், குளியலறை இருக்கும் இடத்தில் மின்கசிவைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இல்லாமல் யாரையும் குடிவைக்காதீர்கள். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு. இரும்புக் குழாயும் டேப்பும் சீக்கிரம் அரித்துவிடும். அவற்றை முதலிலேயே மாற்றிவிடுங்கள். மாநகராட்சித் தண்ணீர் தினமும் வருவதில்லை என்பதால், நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி வேண்டும்.

நான்கு வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு வைத்து சப்-மீட்டர் போடுவோர் நம்மில் பலர். இலவச யூனிட் என்பது ஓர் இணைப்புக்கு ஒருமுறைதான். மொத்த யூனிட் கூடினால் கட்டண விகிதமும் ஏறும். அந்தச் சுமை கூலிக்காரர் தலையில் விழுகிறது. தனித்தனி இணைப்பே நேர்மையான வழி.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிப்பு, வயரிங், குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலை குடியிருப்பவர் பொறுப்பு.

"நம்ம ஆளுங்கதானே, எழுத்து எதுக்கு?" என்று கேட்பார்கள். திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான். அட்வான்ஸ் நம் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய பணம். வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். அதைத் தொட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் முதலில் எங்களிடம் வாருங்கள். கடனுதவிக்கு வழி பார்ப்போம்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சுவர் விரிசல், கதவுத் தாழ்ப்பாள், மீட்டர் அளவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகார் தம்பிகள் குடிவந்தால், தமிழ் தெரிந்த அவர்களின் நண்பர் ஒருவரை உடன் வைத்து ஒப்பந்தத்தைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

ஒப்பந்தம் எழுத உதவி வேண்டுவோர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, இருவரின் ஆதார் நகல் ஆகியவற்றைக் கொண்டுவரவும்.